ஏழாவது துணி

ஆல்வின் மடிக்கணினியைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு பெண்ணின் கன்னத்தில் இருந்த மஞ்சளை. அவள் ஏரிக்கரையில் கூடையுடன் நின்றாள். யாரோ ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டு திரும்பினாள். சேலை அரக்குச் சிவப்பு. அவள் பின்னால் இருந்த தண்ணீர், இன்று காலை பேருந்து ஜன்னலில் நான் பார்த்த அதே நிறம்.

"எந்த வருஷம்?" என்று கேட்டேன்.

"நாற்பத்திரண்டு. சண்டை நடந்த வருஷம்."

அந்தக் காலத்து மனிதர்களை நான் எப்போதும் சாம்பல் நிறத்தில்தான் நினைத்திருந்தேன். அவர்களுக்குப் பசித்திருக்கும், வலித்திருக்கும் என்பது தெரியும். கன்னத்தில் மஞ்சள் பூசியிருப்பார்கள் என்பது தோன்றியதே இல்லை.

ஆல்வின் சென்னையில் ஆவணப்படம் எடுக்கும் ஒரு சிறிய குழுவில் வேலை செய்கிறார். போர்க்காலத்தில் சாதாரண மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் படம். கல்கத்தாவில் அரிசிக்கு நிற்கும் வரிசை, ரங்கூனிலிருந்து மூட்டையோடு கப்பல் ஏறும் குடும்பங்கள், எல்லாம் அப்போதே வண்ணத்தில் எடுக்கப்பட்டவை. வண்ணச் சுருள் அன்று மிகச் சிலரிடம்தான் இருந்ததாம். எங்கள் ஊர்ச் சுருளை எடுத்தவர், கரையில் முகாம் போட்டிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அவர் பேத்தியின் வீட்டுப் பரணில் இருந்து கிடைத்ததாம். பதினோரு நிமிடம். ஒலி கிடையாது.

"ஒவ்வொரு காட்சியிலயும் என்ன நடக்குதுன்னு எனக்கு எழுதிக் குடுத்தா போதும் மேடம். ஊர்க்காரங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்."

இதற்கு என்னைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. நான் வேதியியல் படித்தவள், மீஞ்சூரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கேயே வந்திருந்தார். அறிக்கை எழுதத் தெரியும். பேசச் சொன்னால்தான் எனக்கு வராது. அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, தாளில் குறித்துக்கொண்டிருந்தேன்.

படகுகள் வந்தன. கரையில் வரிசையாக முப்பது, நாற்பது. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு துணித்துண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு, காவி, பச்சை.

"இது அலங்காரமா?"

"இல்ல. வகையறா துணி. எங்க ஊர்ல ஒவ்வொரு பங்காளி வகையறாவுக்கும் ஒரு நிறம் உண்டு."

கடலோடு சேர்ந்த எங்கள் உப்பு ஏரியில் வலை கட்டும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். யார் எந்த இடத்தில், எந்தெந்த நாள் கட்டலாம் என்ற முறையை வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் முன்னால் பானையில் துணி போட்டு எடுத்து முடிவு செய்வோம். எங்கள் வீடு மஞ்சள். இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். சொல்லும்போதே ஏதோ இடறியது. எங்கள் ஊரில் வகையறா ஆறுதான். பச்சை யாருக்கும் கிடையாது. அது எங்கள் அம்மன் கங்கம்மாவுடையது. பானையில் ஆறு துணி போடுவதற்கு முன் பச்சையைத் தனியே எடுத்து ஏரியில் எறிந்துவிடுவோம். சின்ன வயதில் அது மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

படத்தில் பச்சை கட்டிய படகுகள் ஐந்து இருந்தன. ஒன்றில் ஓர் ஆள் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த சீன்தான் முக்கியம்" என்றார் ஆல்வின். "அதிகாரியோட டைரில எழுதியிருக்கார். எதிரி வந்தா படகு கிடைக்கக் கூடாதுன்னு, ஏழு பங்குல ஒரு பங்கை எரிக்கச் சொல்லி முகாம்ல உத்தரவு. யாரோடதுன்னு ஊரே சீட்டுப் போட்டு முடிவு பண்ணியிருக்காங்க. எவ்ளோ நியாயமான ஜனங்க பாருங்க. படத்தோட முடிவே இதுதான்."

அவருக்கு அழைப்பு வந்தது. அலைபேசியுடன் வெளியே போனார். நான் தனியாகப் பார்த்தேன்.

அதிகாரி ஏதோ கட்டிடத்தின் படிமேல் நின்று எடுத்திருக்கிறார். எதிரே கூட்டம். எல்லா முகமும் காமிராவைப் பார்த்து இருக்கின்றன. நமக்கு முதுகைக் காட்டி ஒருவர் நிற்கிறார். அவர் முன்னால் ஒரு கவிழ்த்த கூடை, அதன்மேல் பானை. அவர் கையை உயர்த்தி ஏழு துணிகளையும் கூட்டத்துக்குக் காட்டுகிறார். ஏழும் ஏழு நிறம். பிறகு கையைப் பானைக்குப் பின்னால் இறக்குகிறார். அந்தக் கை இடுப்புக்குப் பின்னால் போய் மூடிக்கொள்கிறது. மற்றக் கை வேட்டியின் பின்மடிப்பிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலுக்குள் மூடிப் பானையில் போடுகிறது.

பச்சை. பச்சை. பச்சை.

நான் நிறுத்தினேன். பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினேன். ஏழு முறை அந்தக் கை பானைக்குள் போனது. ஏழும் பச்சை. இடுப்புக்குப் பின்னால் மூடிய கைக்குள் சிவப்பும் மஞ்சளும் நீலமும் கசங்கித் தெரிந்தன.

கூட்டத்துக்கு அது தெரிய வழியில்லை. காமிராவுக்கு மட்டும்தான் தெரிந்தது.

பிறகு அவர் ஓர் ஆளை மரியாதையாகக் கை காட்டி அழைக்கிறார். படகில் வெற்றிலை மடித்த அதே ஆள். அவர் வந்து பானைக்குள் கைவிட்டு எடுக்கிறார். பச்சை. கொஞ்ச நேரம் அதைப் பார்க்கிறார். தலையை ஆட்டுகிறார். பிறகு பானைக்காரரின் தோளைத் தட்டிக் கொடுக்கிறார். உன் மேல் தப்பில்லை என்று சொல்வது போல.

அப்போதுதான் பானைக்காரர் காமிரா பக்கம் திரும்பினார்.

நெற்றிக்கு மேல், கறுத்த முடிக்கு நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை முடி.

அது நரை இல்லை. பிறவியிலேயே வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதி வாய்ப்பு. என் நைனாவுக்கு இருக்கிறது. அவர் அப்பாவுக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த வருஷத்திலிருந்து மாதம் ஒருமுறை கறுப்பு பூசி மறைக்கிறேன்.

கடைசி இரண்டு நிமிடம் தீ. ஐந்து படகுகள். துணிகளை யாரும் அவிழ்க்கவில்லை.

ஆல்வின் உள்ளே வந்தார். "பார்த்தீங்களா? நான் ஒவ்வொரு தடவையும் அந்த ஜனங்க முகத்தைத்தான் பார்ப்பேன். ஒரு முகத்துலகூட கோபம் இல்ல." திங்கட்கிழமைக்குள் எழுதித் தரச் சொன்னார். ஒரு நகலை என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டினேன். என் கையிலிருந்த தாளில் 'சீட்டு' என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

*

பச்சை யாருடையது என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

சாலையோர மேட்டில் இருபது வீடு இருக்கிறது. சண்டை வருஷத்தில் குண்டுக்குப் பயந்து பட்டணத்திலிருந்து ஓடி வந்தவர்கள் என்று ஊரில் சொல்வார்கள். 'வந்தவங்க' என்பதுதான் அவர்களுக்குப் பெயர். அவர்களுக்குப் பாடு கிடையாது. படகிலிருந்து வலை கட்டக் கூடாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பார்கள். என்னோடு பள்ளியில் படித்த மஞ்சு அங்கேதான் இருக்கிறாள். அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை மணிக்கட்டில் பச்சைத் துணி கட்டியிருந்தது. எங்கள் வகையறாக்களில் அவரவர் நிறத்தைக் கட்டுவது போலவே.

"அது அம்மன் நிறமாச்சே" என்றேன் அப்போது.

"நீங்கதான் வருசா வருசம் தண்ணில எறியிறீங்களே. மிதந்து வந்துச்சு, எடுத்துக்கினோம்" என்று மஞ்சு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் அப்பா கண்ணப்பனுக்கு இரண்டு காலிலும் புண். முழங்காலுக்குக் கீழே தோல் வெந்தது போல இருக்கும். இனி உப்புத் தண்ணீரில் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நின்றால் காலை எடுக்க வேண்டி வரும். பாடு கிடைத்தால் படகில் உட்கார்ந்தபடி வலை கட்டலாம். இந்த வருஷம் தனக்கும் ஒரு முறை வேண்டும் என்று ஊருக்கு மனு கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, பானை எடுக்கும் முன் பதில் சொல்வதாக ஏற்பாடு. பதில் என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வந்தவர்களுக்கு ஏது பானை?

இன்று சனிக்கிழமை.

நைனா மதியம் கடலிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் பெயர் தேவேந்திரன். எங்கள் வீட்டு ஆண்கள்தான் தலைமுறையாகப் பானை பிடிப்பவர்கள். நாளைக்கும் அவர்தான். அம்மா நண்டுக் குழம்பு ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

"நைனா, சண்டை வருஷத்துல நம்ம ஊர்ல எடுத்த படம் ஒண்ணு ஆல்வின்னு ஒருத்தர் கொண்டு வந்திருக்காரு. என்னை எழுதிக் குடுக்கச் சொல்றாரு."

"இன்னா படம்?"

"பானைல துணி போட்டு எடுக்கறாங்க. அப்புறம் படகை எரிக்கிறாங்க."

நைனாவின் கை சோற்றில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கலரா?"

யார் எடுத்தார்கள் என்று கேட்டிருக்கலாம். யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்டது இது ஒன்றுதான். கறுப்பு வெள்ளை என்றால் ஏழு துணியும் ஒரே மாதிரிதான் தெரியும்.

"கலர்தான்" என்றேன்.

அவர் நண்டுக் காலை எடுத்தார். கடிக்காமல் தட்டில் வைத்தார்.

"எங்க நைனா சொல்லுவாரு. அவருக்கு அப்போ ஏழு வயசு. பின்னாலே நின்னுக்கினு இருந்தாராம். ஒரு வெள்ளக்காரன் படிமேல நின்னு ஒரு பொட்டிய சுத்திக்கினு இருந்தான்னு."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் பச்சை?"

"அவங்க ஆளு கம்மி. பாதி ஆம்பளைங்க பர்மாவுக்குப் போயிட்டாங்க. திரும்பி வருவாங்கன்னு யாரும் நினைக்கல. ஏழுல ஒண்ணு போவணும்னு தொர சொல்லிட்டான். எது போனா சண்டை வராதுன்னு பார்த்திருக்காங்க." தண்ணீர் குடித்தார். "எல்லாம் அடங்கினதும் ஊரே சேர்ந்து படகு கட்டிக் குடுத்துடலாம்னுதான் பேச்சு."

"கட்டிக் குடுத்தாங்களா?"

"படகு இல்லாதவனுக்குப் பாடு இன்னாத்துக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் வந்தவங்கன்னு ஆயிடுச்சு."

"அப்போ கங்கம்மா துணி?"

"பானைல போட்டா அவங்களுக்கும் பங்கு குடுக்கணும். ஒரேயடியா விட்டுடவும் பயம். அதான் அம்மன் பேர்ல தண்ணிக்கு." இதை அவர் மிகவும் சாதாரணமாகச் சொன்னார். மழைக்கு முன் விறகை உள்ளே எடுத்து வைக்கச் சொல்வது போல.

இருபத்துநான்கு வருஷம் நான் கைகூப்பிக் கும்பிட்ட துணி அது.

"அந்த ஆல்வின் கிட்ட இன்னா எழுதிக் குடுக்கப் போற?"

நான் சொம்பிலிருந்து அவருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

"சீட்டு போட்டாங்கன்னு எழுது. பொய் இல்லியே. போட்டாங்க இல்ல?"

அவர் மீதியைச் சாப்பிட்டார். கெட்டவர் இல்லை என் நைனா. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு எதிராக ஊர் திரண்டபோது கண்ணப்பனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர். அவர் காலுக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததும் இவர்தான்.

*

மாலையில் மேட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். வாசலில் மஞ்சு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தை கூட வரவில்லை. போனை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

"இன்னாடி இது, சினிமாவா? ஐய, இவளப் பாரேன், மூஞ்சி பூரா மஞ்சளு. யாரு இது?"

"நம்ம ஊர்தான். பாரு."

கண்ணப்பனும் வந்து எட்டிப் பார்த்தார். காலில் துணி சுற்றியிருந்தது. படகுகள் வந்தபோது மஞ்சு சிரிப்பதை நிறுத்தினாள். பச்சையைப் பார்த்துவிட்டாள். பானை வந்தது. யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏழாவது துணி விழுந்தபோது மஞ்சு என்னைப் பார்த்தாள். பிறகு என் நெற்றியைப் பார்த்தாள். என் முடியில் கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பள்ளி நாளிலிருந்தே பார்த்தவள் அவள்.

"உங்க வூட்டு ஆளு" என்றாள்.

"ஆமா."

கண்ணப்பன் போனை வாங்கிக்கொண்டார். தீ எரிவதை அவர் பார்க்கவில்லை. பின்னால் தள்ளி, துணி எடுத்தவர் தோளைத் தட்டும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இது எங்க தாத்தா தருமலிங்கமாத்தான் இருக்கும். பர்மா போகாம இங்கியே தங்கின பெரிய ஆளு அவருதான். நான் பார்த்ததே இல்ல. அதுக்கப்புறம் ரெண்டு வருசத்துல செத்துட்டாரு." போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "தட்டிக் குடுக்கறாரு பாரு. லூசு மனுசன்."

"மாமா, இதை நாளைக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"நீ ஏம்மா கொண்டாந்த?" என்று கேட்டார். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "உங்க நைனா பானை பிடிக்கிற ஆளு. நாளிக்கு அவரு மூஞ்சி இன்னா ஆவும்?"

"எல்லாமே பச்சையா இருந்துச்சு" என்றேன். ஏற்கெனவே எல்லோரும் பார்த்துவிட்டதை.

மஞ்சு படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். நான் கிளம்பும்போது அவள் இறால் உரிக்கத் திரும்பியிருந்தாள்.

*

ஞாயிறு காலை கோயில் முன்னால் ஆறு வகையறாவும் கூடியது. ஆண்கள் மணலில் முன்னால், பெண்கள் வேப்பமரத்துப் பக்கம். பானை இன்றும் ஒரு கவிழ்த்த கூடையின்மேல்தான் இருந்தது.

ஊர்த் தலைவர் எல்லப்பனுக்கு எழுபது வயதுக்கு மேல். அவர் மனுவைப் படித்தார். கண்ணப்பன் ஒரு கம்பை ஊன்றி ஓரமாக நின்றார், பக்கத்தில் மஞ்சு.

"கண்ணப்பா, உன் கஷ்டம் எங்களுக்குத் தெரியாம இல்ல. காலுக்கு ஊர்ல இருந்து ஒரு உதவி பண்ணுவோம். பாடு வேற விசயம். அது பானைல பேர் இருக்கறவனுக்கு. நீங்க வந்தவங்க. உங்களுக்குக் குடுத்தா நாளிக்கு அனுப்பம்பட்டுக்காரன் வருவான், கேப்பான்."

சிலர் சிரித்தார்கள்.

"எங்களுக்குப் பானைல பேர் இருந்துச்சு" என்றார் கண்ணப்பன். "படம் இருக்குது."

"இன்னா படம் காட்டப் போற?"

"சண்டை வருசத்துல எடுத்தது. இதே பானை. துணி போடற படம்."

எல்லப்பன் மனுவை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிழவர்கள் யாரும் அசையவில்லை.

"கலரா?" என்றார் எல்லப்பன்.

நைனாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். நேற்று மதியத்திலிருந்து அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அந்தக் கிழவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவரும் 'எந்தப் படம்' என்று பக்கத்து ஆளிடம் கேட்கவில்லை. இளைஞர்கள்தான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எனக்குச் சாக்லேட் வாங்கிக் கொடுத்தவர்கள், பேருந்தில் இடம் பிடித்துக் கொடுத்தவர்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"யாரு குடுத்தது உனக்கு?" என்று எல்லப்பன் கேட்டார்.

கண்ணப்பன் வாயைத் திறக்கவில்லை. மஞ்சு தரையைப் பார்த்தாள். அவர்கள் சொல்லப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. நான் பேசாமல் நின்றால் அது அப்படியே போய்விடும். எங்கிருந்தோ வந்த படம், யாரோ செய்த மோசடி என்று சொல்லிவிடுவார்கள்.

"நான்தான்" என்றேன்.

மிக மெல்லத்தான் சொன்னேன். ஆனாலும் எல்லாத் தலையும் திரும்பின. மரத்தின் பக்கத்திலிருந்து ஒரு பெண் அந்த இடத்தில் பேசியது எனக்குத் தெரிந்து அதுவே முதல்முறை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏழும் பச்சைதான் போட்டாங்க. போட்டது எங்க கொள்ளுத்தாத்தா. நான் ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்த்தேன்."

இளைஞர்களில் யாரோ "இன்னாது?" என்றான். கிழவர்கள் பானையையே பார்த்தார்கள்.

நைனா பானைக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் ஏழு துணி. முதலில் பச்சையை எறிய வேண்டும். அவர் அதைப் பிரித்து எடுத்திருந்தார். ஏரிப் பக்கம் திரும்பவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

கண்ணப்பன் கம்பை ஊன்றி மெதுவாக வந்தார். மணலில் அவருக்கு நடக்கக் கஷ்டமாக இருந்தது. நைனாவின் விரல்களிலிருந்து பச்சையை உருவினார். நைனா பிடித்து வைக்கவில்லை. கண்ணப்பன் அதைப் பானைக்குள் போட்டார்.

"இன்னா புது வழக்கம் இது?" என்று ஒரு கிழவர் முனகினார். ஆனால் எழுந்து வந்து அதை எடுக்கவில்லை. எல்லப்பனும் எடுக்கவில்லை.

நைனா மற்ற ஆறு துணிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசியாக மஞ்சள். பிறகு கை நீட்டி, பானைக்குள் முதல் கை விடும்படி கண்ணப்பனை அழைத்தார். மரியாதையாக. படத்தில் இருந்தது போலவே. அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

கண்ணப்பன் கைவிடவில்லை.

"தேவேந்திரா, பானையைக் கவுத்து" என்றார். "எண்ணிப் பார்த்துட்டு அப்புறம் எடுப்போம்."

நைனாவின் முகம் சிவந்தது. நாற்பது வருஷமாக அவர் பானையை யாரும் கவிழ்க்கச் சொன்னதில்லை. அவர் இரண்டு கையாலும் அதைத் தூக்கி மணலில் சாய்த்தார். துணிகள் விழுந்தன. கூட்டம் முழுவதும் குனிந்தது. நைனா மண்டியிட்டு அவற்றை விரலால் பிரித்து வரிசையாக வைத்தார். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு, காவி, பச்சை.

நான் அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னால் போனேன். நைனாவின் குனிந்த தலைக்கு மேல் நின்று நானும் எண்ணினேன். பிறகு இன்னொரு முறை எண்ணினேன்.